பிறை பார்த்து விலை எழுதியவர்கள்

புதுமனை புகுவதற்கும், பெண் பார்க்கப் புறப்படுவதற்கும், ஏர் பூட்டுவதற்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டி நாட் பார்ப்பது நம்மவர் வழக்கம். வளர்பிறையா, தேய்பிறையா என்று வீட்டிலுள்ள பாட்டி கேளாமல் எந்த நற்காரியமும் தொடங்கியதில்லை. ஆனால், விஞ்ஞானத்திலும் கைத்தொழிலிலும் உலகுக்கே வழிகாட்டுவதாகப் பெருமை கொண்டிருந்த ஐக்கிய அமெரிக்காவிலே, கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான மின்னியந்திரங்களை விற்ற பெருங் கொம்பனிகளின் உத்தியோகத்தர்கள், ஒரு கேள்விப்பத்திரத்தில் என்ன விலை எழுதுவது என்பதைச் சந்திரனின் பிறை பார்த்தே முடிவு செய்தார்கள் என்று சொன்னால் வாசகர்கள் நம்புவார்களா?

நம்பத்தான் வேண்டும். 1961 ஆம் ஆண்டில் நீதிமன்றத்திலும், அதன்பின் அந்நாட்டுச் செனற் சபையின் விசாரணையிலும் வெளியான உண்மை இது. அவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைமீது விரித்திருந்த ஓர் அட்டவணையைப் பார்த்தார்கள். அந்த அட்டவணைக்கு அவர்களே இட்ட செல்லப் பெயர்தான் ‘சந்திரனின் பிறைகள்’ என்பது.

அந்த அட்டவணையின் கதையை இங்கே சொல்ல விரும்புகின்றேன். இதில் துப்பாக்கி இல்லை, கன்னக்கோல் இல்லை, இருட்டில் மதில் ஏறிக் குதித்தவர் எவருமில்லை. ஆயினும், களவு போன தொகையை நோக்கினால் பெயர்பெற்ற கொள்ளைக்காரர் பலர் இவர்கள் முன்னே சிறுபிள்ளைகள்.

முத்திரையிட்ட உறை

அரசாங்கமோ நகர சபையோ பொதுமக்களின் பணத்தைக் கொண்டு ஒரு பாலம் அமைக்கும்போதும், இயந்திரம் வாங்கும்போதும் கேள்விப்பத்திரம் கோருவதன் நோக்கம் யாது? தருவிப்போர் ஒவ்வொருவரும் தத்தம் விலையை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, குறித்த நாளிற் குறித்த நேரத்துக்குள் சேர்ப்பித்துவிடுதல் வேண்டும். பின்னர் உறைகள் யாவரும் காணத் திறக்கப்படும். விலை குறைந்தவருக்கு வேலை கிடைக்கும். ஒருவர் எழுதிய விலை மற்றவருக்குத் தெரியாது என்ற ஒரே அத்திவாரத்தின்மேல் இவ்வேற்பாடு முழுவதும் நிற்கின்றது. தெரியாமையினால் அச்சம் உண்டாகும். அந்த அச்சந்தான் விலையைக் கீழே தள்ளும். பக்கத்துக் கடைக்காரர் என்ன எழுதியிருப்பாரோ என்று எண்ணி எண்ணி, இலாபத்தில் ஒரு பங்கைத் தாமாகவே விட்டுக்கொடுப்பார் வியாபாரி.

அச்சம் நீங்கிவிட்டால்? கோயிற் காணியின் தேங்காய்க் குத்தகை ஏலத்துக்குப் போய் வந்த பெரியவர்கள் இதற்கு விடை சொல்வார்கள். ஏலம் தொடங்குமுன் புளியமரத்தடியில் நாலு பேர் கூடி, ‘இம்முறை இன்னார் எடுப்பது, மற்றவர்கள் ஒன்றிரண்டு கேள்வி கேட்டுவிட்டு நின்றுவிடுவது’ என்று பேசி முடித்துவிட்டால், மணியடித்து ஏலங் கூறுபவரின் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கோயிலுக்குச் சேரவேண்டிய பணம் புளியமரத்தடியிலேயே பங்கிடப்பட்டுவிடும். அமெரிக்காவில் நடந்ததும் இதுதான். புளியமரத்துக்குப் பதிலாக ஆடம்பர ஹோட்டல் அறைகள் இருந்தன என்பதொன்றே வேற்றுமை.

பரம்பரைப் பகைவர்கள்

ஜெனரல் எலெக்ட்ரிக் என்னும் கொம்பனி 1892 இல் அமைந்தது. மின்விளக்கினாற் புகழ்பெற்ற தொமஸ் எடிசனின் தொழிலும் இன்னொரு கொம்பனியும் இணைந்ததனால் உருவானது அது. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1886 இலேயே தம் பெயரால் ஒரு கொம்பனியை நிறுவியிருந்தார். நேர் மின்னோட்டமா, ஆடல் மின்னோட்டமா என்று எடிசனும் அவரும் ஆண்டுக்கணக்கில் நடத்திய போரைப் பாடசாலை மாணவரும் அறிவர். அப்படிப்பட்ட பகையிலே பிறந்த இரு கொம்பனிகளின் உத்தியோகத்தர்கள், 1950 ஆம் ஆண்டுகளில் ஒரே மேசையைச் சுற்றியமர்ந்து, ‘இது உமக்கு, அது எமக்கு’ என்று பங்கிட்டுக்கொண்டிருந்தனர்.

அவர்கள் விற்றவை கடையிற் தட்டில் அடுக்கிவைக்கும் பொருள்களல்ல. மின்னுற்பத்தி நிலையத்துக்கு வேண்டிய மாபெருஞ் சுழலிகள், மின்மாற்றிகள், மின்னோட்டம் அளவு கடந்தால் இணைப்பைத் துண்டித்துக் காக்கும் சுற்றுடைப்பான்கள், ஆளிப் பலகைகள், காவலிகள் முதலியவை. பெரியவை யாவும் கட்டளை கிடைத்த பின்னரே செய்யப்படுவன. செய்யக்கூடிய கொம்பனிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. நாட்டில் மின்சாரத்தின் தேவை பெருகும் ஆண்டில் ஆலைகளுக்கு ஓயாத வேலை. தளரும் ஆண்டிற் தொழிலாளருக்குக் கொடுக்கவும் வேலை இராது. அத்தகைய வேளைகளில், ஆலையைத் திறந்து வைத்திருந்தாற் போதும் என்று ஒருவரையொருவர் வெட்டி விலை குறைப்பார்கள். அந்த வெட்டுக்கு அஞ்சியே இவர்கள் கூடினர் என்பது அவர்கள் தரப்பு நியாயம்.

அந்த நியாயத்தை முற்றாகத் தள்ளிவிடுவதற்கில்லை. 1930 ஆம் ஆண்டுகளின் பெருமந்தத்தின்போது, வியாபாரிகள் ஒன்றுகூடி விலை ஒழுங்கு செய்வதை அந்நாட்டு அரசாங்கமே 1933 முதல் இரண்டாண்டுகள் ஊக்குவித்தது; 1935 இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. சட்டம் போயிற்று, கூடிப் பேசிய பழக்கம் போகவில்லை. ஆனால், போட்டியைக் கட்டுப்படுத்தும் உடன்பாடுகள் குற்றமென்று 1890 இலேயே சேர்மன் சட்டம் கூறியிருந்ததை இவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தமையாற்றான் அத்தனை ஒளிவுமறைவு.

பட்சத்துக்கு ஒருவர்

சுற்றுடைப்பான் விற்பனையில் நடந்த பங்கீட்டைப் பார்ப்போம். அரசாங்கத்துக்கும் நகர சபைகளுக்கும் முத்திரையிட்ட கேள்விப்பத்திரத்தின் மூலம் நடைபெறும் விற்பனையில், ஜெனரல் எலெக்ட்ரிக் நூற்றுக்கு 45, வெஸ்டிங்ஹவுஸ் 35, அலிஸ் சால்மர்ஸ் 10, பெடரல் பசிபிக் 10 என்று நான்கு கொம்பனிகளும் ஒரு காலத்தில் வகுத்துக்கொண்டன. பாகப்பிரிவினை உறுதி எழுதும் நொத்தாரிசுகூட இவ்வளவு திட்டமாக எழுதமாட்டார்.

பங்கு தீர்மானமாயிற்று. ஒவ்வொரு கேள்விப்பத்திரத்துக்கும் கூடிப் பேசிக்கொண்டிருந்தால் ஆபத்து அல்லவா? அதற்காக வந்ததே பிறை அட்டவணை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அஃதாவது நம்முடைய கணக்கிற் கிட்டத்தட்ட ஒரு பட்சத்துக்கு ஒருமுறை, முறை மாறும். இந்தப் பட்சத்தில் ஆகக் குறைந்த விலை எழுதவேண்டியவர் யார், அவருக்கு மேலே இரண்டாமவர் எவ்வளவு கூட்டி எழுதவேண்டும், மூன்றாமவர் எவ்வளவு என்பன யாவும் அட்டவணையில் உண்டு. கொம்பனியின் உத்தியோகத்தர் தமது அறையில் இருந்தபடியே நாளைப் பார்த்து, நிரலைப் பார்த்து, தொகையை எழுதி உறையை மூடிவிடலாம். ஒருவருக்கும் ஒரு சொல் பேச வேண்டியதில்லை.

இதிலுள்ள சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். உறைகளைத் திறக்கும் நகர சபை எழுதுவினைஞர் காண்பது என்ன? நான்கு கொம்பனிகள், நான்கு வெவ்வேறு விலைகள். சென்ற மாதம் ஒருவர் குறைவாக எழுதினார், இம்மாதம் வேறொருவர். கடும் போட்டி நடப்பதுபோலவே தோன்றும். மனநிறைவோடு ஆகக் குறைந்த விலைக்குக் கையொப்பமிட்டு வீடு செல்வார் அந்த அப்பாவி.

கூடும்போது கைக்கொண்ட விதிகளோ துப்பறியும் நாவலாசிரியனுக்கும் தோன்றாதவை. கொம்பனிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: ஜெனரல் எலெக்ட்ரிக் 1, வெஸ்டிங்ஹவுஸ் 2, அலிஸ் சால்மர்ஸ் 3, பெடரல் பசிபிக் 7. கூட்டத்துக்கு வருவோரின் பட்டியலுக்கு ‘நத்தார் வாழ்த்து அட்டைப் பட்டியல்’ என்று பெயர். கூட்டத்துக்கே ‘பாடகர் குழுப் பயிற்சி’ என்று பெயர். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பாடுகின்ற குழுவினர் பயிற்சிக்குக் கூடுவதைச் சொல்வது இத்தொடர். நம்மூரிற் சூதாடப் போகின்றவர் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவதை ஒக்கும். ஹோட்டல் பதிவேட்டிற் கொம்பனியின் பெயரை எழுதுதல் ஆகாது. காலை உணவுக்கு ஒன்றாக அமர்தல் ஆகாது. குப்பைக் கூடையிற் துண்டுக் காகிதமும் விட்டுச் செல்லல் ஆகாது. கடிதங்கள் அனுப்பியவர் விலாசமில்லாத வெற்றுறையில் வீட்டு முகவரிக்கே போகவேண்டும். தொலைபேசுவதானாற் பொதுத் தொலைபேசிதான்.

பயணச் செலவுக் கணக்கிலும் உண்மையான ஊரின் பெயரை எழுத முடியாதாகையால், அதே தூரத்திலுள்ள வேறோர் ஊரின் பெயரை எழுதினார்களாம். தூரம் ஒத்திருந்தமையாற் கொம்பனியிடம் ஒரு சதமேனும் கூடுதலாகப் பெறவில்லை. பொதுமக்களிடம் கோடி கோடியாய் வாங்கிய மனிதர்கள், பயணப்படியிற் காட்டிய இந்த நேர்மையை என்னவென்று சொல்வது!

ஆயினும், ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்க இவர்களால் முடியவில்லை. கூட்டு இருமுறை சிதறியது. 1954-55 பனிக்காலத்தில் யாரோ ஒருவர் ஒளித்து விலை குறைக்க, மற்றவர் அதற்கும் கீழே போக, பட்டியல் விலையிற் பாதியளவுவரை இறங்கிற்று. கடைகளிற் தையில் நடக்கும் துணி மலிவு விற்பனையின் பெயரால் இதை ‘வெள்ளைத் துணி விற்பனை’ என்று கேலியாகக் குறிப்பிட்டனர். 1957-58 இல் மறுமுறையும் அப்படியே நேர்ந்தது. பின்னர் மீண்டும் கூடினர்; மீண்டும் பங்கு பேசினர். நூற்றுக்கு ஐம்பது குறைத்தும் ஆலையை மூடாமல் நடத்தினார்கள் என்றால், கூட்டு உறுதியாயிருந்த காலத்திற் கொடுத்த விலையில் எவ்வளவு கொழுப்பு இருந்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களே கணக்குப் பார்க்கலாம்.

டெனசிப் பள்ளத்தாக்கில் அகப்பட்டது

அமெரிக்காவின் தென்பகுதியில், டெனசி ஆற்றின் வெள்ளத்தை அடக்கி, ஏழை விவசாயிகளுக்கு மலிவான மின்சாரம் கொடுப்பதற்கென்று 1933 இல் நிறுவப்பட்டது டெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபை. இலங்கை வாசகர்களுக்கு இப்பெயர் அந்நியமன்று; 1949 இல் இங்கு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டபோது, அதற்கு மாதிரியாகக் கொள்ளப்பட்டது இந்தச் சபையே. பொதுமக்களின் உடைமையாதலால் அது எதனையும் முத்திரையிட்ட கேள்விப்பத்திரத்தின் மூலமே வாங்கும். உறைகளைப் பகிரங்கமாகவே திறக்கும்.

அந்தச் சபையினர் ஒரு விசித்திரத்தைக் கவனித்து வந்தனர். பிறை அட்டவணை இல்லாத பொருள்களில், விலைகள் சற்றும் வேறுபடாமல் ஒன்றாகவே வந்தன. மின்கம்பி வாங்குவதற்கான கேள்வியொன்றில் ஏழு கொம்பனிகள் தனித்தனியே உறை அனுப்பின. ஏழிலும் எழுதியிருந்த தொகை 1,98,438 டொலர் 24 சதம். டொலர் ஒத்துப்போவதைத் தற்செயல் என்று வாதாடலாம். அந்த இருபத்து நான்கு சதமும் ஏழு தலைகளில் ஒருங்கே உதித்தது எங்ஙனம்?

1959 இன் தொடக்கத்தில், அலபாமா மாநிலத்திலுள்ள கோல்பேர்ட் அனல் மின்னிலையத்துக்கு 5 இலட்சம் கிலோவாட் வலுவுள்ள ஒரு சுழலி வேண்டியிருந்தது. அமெரிக்கக் கொம்பனிகள் சுமார் 1 கோடி 75 இலட்சம் டொலர் கேட்டன. கடல் கடந்து இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து பார்சன்ஸ் கொம்பனி கேட்டதோ சுமார் 1 கோடி 21 இலட்சம். (1884 இல் நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்ள்ஸ் பார்சன்ஸ் நிறுவியது இக்கொம்பனி.) சபை பார்சன்சுக்கே வேலையைக் கொடுத்தது. உடனே எழுந்தது கூக்குரல். அந்நியன் செய்த சுழலி பழுதுபட்டாற் போர்க்காலத்தில் நாட்டின் கதி என்ன, அமெரிக்கத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கலாமா என்றெல்லாம் தேசபக்தி பொங்கியது. தேசபக்திக்கு விடையாக, தனக்கு ஆண்டாண்டாக வந்த ஒத்த விலைகளைச் சபை வெளியிட்டது.

அவ்வாண்டு மே மாதம் நொக்ஸ்வில் நகரப் பத்திரிகையொன்றின் நிருபர் அவ்விலைகளைச் செய்தியாக எழுதினார். டெனசி மாநிலச் செனற்றர் எஸ்ரெஸ் கெபோவர் அதைப் பற்றிக்கொண்டார். நீதித் திணைக்களம் பிலடெல்பியாவில் நடுவர் குழுக்களைக் கூட்டிச் சாட்சிகளை அழைத்தது. முதலிற் சென்றவர்கள் எல்லோரும் ஒன்றும் அறியோம் என்றே கைவிரித்தனர்.

ஆனால், கள்ளக் கணக்குக்கும் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டுமே! சிறிய கொம்பனியொன்றின் விற்பனை முகாமையாளர், தமக்குப்பின் கூட்டத்துக்குச் செல்லவிருந்த உதவியாளரைப் பழக்குவதற்காகக் கூட்டக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அழைப்பாணை வந்ததும் அவை நீதித் திணைக்களத்தின் கையிற் சேர்ந்தன. பிறைகளின் அட்டவணையும் வெளியில் வந்தது. ஒருவர் வாய்திறந்ததும் மற்றவர்கள், தாம் பிந்திவிடுவோமோ என்று முந்திக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடினர். விலை எழுதுவதில் நீங்கிப் போயிருந்த அச்சம் வாக்குமூலம் கொடுப்பதில் வந்து சேர்ந்தது.

(இந்தக் குறிப்புப் புத்தகம் பிற்காலத்திலும் பல நாடுகளிற் கூட்டுகளைக் கவிழ்த்திருக்கின்றது. 2001 இல் நெதர்லாந்தில் ஒரு கட்டுமானக் கொம்பனியின் முன்னாட் பணிப்பாளர், ஒப்பந்தகாரர்கள் தமக்குள் வைத்திருந்த நிழற் கணக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாராளுமன்ற விசாரணையே நடந்தது. யார் யாருக்கு எத்தனை வேலை விட்டுக்கொடுத்தார் என்பதை நினைவில் மட்டும் வைத்துப் பங்கு பிரிக்க ஒருவராலும் முடிவதில்லை போலும்.)

ஏழு கனவான்கள்

1960 இல் ஒன்றன்பின் ஒன்றாக 20 குற்றப் பத்திரங்கள் தாக்கலாயின. 29 கொம்பனிகளும் 45 தனி மனிதரும் குற்றஞ் சாட்டப்பட்டனர். இக்கூட்டுகளுக்கு உட்பட்ட பொருள்களின் விற்பனை ஆண்டுக்குச் சுமார் 175 கோடி டொலர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. 1961 பெப்ரவரி 6 ஆம் திகதி, பிலடெல்பியாவில் நீதிபதி கலன் கேனி தண்டனை வழங்கத் தொடங்கினார்.

குற்றவாளிக் கூண்டின் பக்கம் நின்றவர்களைப் பார்த்தவர்கள் திகைத்திருப்பார்கள். நரைத்த தலை, நல்ல உடை. ஒருவர் தமது தேவாலயத்தின் நிருவாகப் பொறுப்பாளர். மற்றொருவர் சிறுவர் கழகமொன்றின் பணிப்பாளர். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் உப தலைவர்களுள் ஒருவரான வில்லியம் கின் என்பாரின் ஆண்டுச் சம்பளம் 1,35,000 டொலர். இப்பேர்ப்பட்ட தம் கட்சிக்காரரைக் கையாடல் முதலிய கொடுங் குற்றஞ் செய்தவர்களோடு ஒரே சிறையில் அடைக்கலாமா என்று ஒரு வழக்கறிஞர் மன்றாடினார். கையாடல் கொடுங் குற்றம். நாடு முழுவதையும் விலையில் ஏமாற்றியது ஏதோ ஒரு தவறு! அந்த வழக்கறிஞர் சிரிக்காமற் சொன்னார் என்றே அறிகின்றோம்.

நீதிபதி மசியவில்லை. ஏழு பேருக்கு 30 நாட் சிறை விதித்தார். இருபதுக்கும் மேற்பட்டோருக்குச் சிறைத் தண்டனை விதித்து அதனை ஒத்திவைத்தார். அபராதம் எல்லாமாகச் சுமார் 19 இலட்சம் டொலர். அதில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு 4,37,500, வெஸ்டிங்ஹவுஸுக்கு 3,72,500. சேர்மன் சட்டத்தின்கீழ்ப் பெருங் கொம்பனி நிருவாகிகள் சிறைக்கதவைக் காண்பது அதற்குமுன் மிக அரிது.

நோறிஸ்டவுன் என்னும் ஊரிலுள்ள சிறையில் அவர்கள் நாட்களைக் கழித்தார்கள். நன்னடத்தைக்காக ஐந்து நாள் குறைக்கப்பட்டது. இவ்வளவு அறிவாளிகளான கைதிகள் தமக்கு வாய்த்ததில்லை என்று சிறையதிகாரி புகழ்ந்தாராம். ஆனால், மனைவி மக்கள் தம்மைப் பார்க்க வருவதற்கு அவர்கள் இடங்கொடுக்கவில்லை. நீதிமன்றத்திலும் பத்திரிகைகளிலும் வெளியான அத்தனை விவரங்களுள்ளும் என் மனத்தைத் தைத்தது இதுவே. வீட்டு முகவரிக்கு வந்த வெற்றுறைகளை எடுத்து மேசையில் வைத்தவர்கள் அந்த மனைவிமார்தானே? பாடகர் குழுப் பயிற்சி என்ற சொல்லை அந்த வீட்டுப் பிள்ளைகளும் எப்போதாவது கேட்டிருக்கக் கூடும்.

இத்தகையோர் ஏன் இதைச் செய்தார்கள்? ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியில் 20.5 என்ற இலக்கமிட்ட கட்டளை ஒன்று இருந்தது. போட்டிக் கொம்பனிகளோடு விலைபற்றி எவ்வித உடன்பாடும் செய்யலாகாது என்பது அதன் சாரம். முகாமையாளர்கள் அதைப் படித்துக் கையொப்பமிட வேண்டும், இட்டும் இருந்தார்கள். ஆனால், கட்டளையைக் கையிற் கொடுக்கும்போது மேலதிகாரி கண்சிமிட்டினாற் கட்டளையின் பொருள் மாறிவிடும் என்று சாட்சியத்தில் வெளிவந்தது. இலாபம் குறைந்தாற் கேள்வி கேட்பார்கள். இலாபம் வந்த வழியைக் கேட்கமாட்டார்கள். கொம்பனியின் தலைவர் றால்ப் கோர்டினர் தமக்கு ஒன்றும் தெரியாதென்றே செனற் விசாரணையிலும் கூறினார். மேலிடத்துக்குத் தெரியாது என்று நம்புவது பேதைமை என்று நீதிபதி முன்னரே தம் கருத்தைச் சொல்லியிருந்தார். கூண்டில் நின்றவர்களைப்பற்றி அவர் சொன்னதும் குறிப்பிடத்தக்கது: மனச்சாட்சிக்கும் கொம்பனியின் வழக்கத்துக்கும் இடையே அகப்பட்டு, கிடைத்த வசதியையும் பதவியின் பத்திரத்தையும் மனச்சாட்சிக்கு மருந்தாகப் பூசிக்கொண்டவர்கள் இவர்கள் என்ற கருத்துப்பட அவர் பேசினார்.

வெஸ்டிங்ஹவுஸ் உத்தியோகத்தர் ஒருவர் செனற் சபையில் அளித்த விடை இன்னும் தெளிவானது. கூட்டங்கள் சட்டவிரோதம் என்று அவர் அறிந்திருந்தார். குற்றம் என்று மட்டும் கருதவில்லை. குற்றமென்றால் யாராவது ஒருவருக்குத் தீங்கு நேரவேண்டும், தாம் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பிக்பொக்கற் அடிப்பவன் தான் வெட்டிய பையின் சொந்தக்காரனுடைய முகத்தைக் காண்கின்றான். இவர்கள் யார் முகத்தைக் கண்டார்கள்? கூடுதலாகக் கொடுத்த பணம், டெனசிப் பள்ளத்தாக்கின் விவசாயி வீட்டு விளக்கிலும், சிறுநகரத்துப் பாடசாலையின் மின்கட்டணத்திலும், வைத்தியசாலையின் செலவிலும் சில சதங்களாகக் கரைந்து போயிற்று. கட்டணச் சீட்டைக் கையில் வாங்கிய ஒருவரும் தம்மிடம் களவு போனதாக அறியவில்லை. அறியாதவர் எப்படி முறைப்பாடு செய்வார்?

பிறை மறைந்த பின்

சிறையிலிருந்து வந்தவர்களைத் தன் வேலையிலிருந்து நீக்கியது ஜெனரல் எலெக்ட்ரிக்; வெஸ்டிங்ஹவுஸ் தன் ஆட்களை வைத்துக்கொண்டது. கின் அதிக நாட் காத்திருக்கவில்லை. வேறொரு பெரிய இயந்திரக் கொம்பனி அவரை அழைத்துக்கொண்டது. சிறிது காலத்தில் அதன் தலைவருமானார்.

கொம்பனிகளை உண்மையில் வருத்தியது அபராதமன்று. கூடுதலாகக் கொடுத்ததை மும்மடங்காகத் திருப்பிக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. நகரங்களும் மின்சாரக் கொம்பனிகளும் தொடுத்த வழக்குகள் 1,800 க்கு மேல். ஜெனரல் எலெக்ட்ரிக் மட்டும் சுமார் 20 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. அங்கும் ஒரு வேடிக்கை. இந்த நட்டஈட்டை வியாபாரச் செலவாகக் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று 1964 இல் அந்நாட்டு வரி இலாகா தீர்ப்பளித்தது. வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அப்போது வரியாகப் போய்க்கொண்டிருந்த நாட்டில், நட்டஈட்டின் பாதியைத் திறைசேரியே, அஃதாவது ஏமாற்றப்பட்ட மக்களே, கொடுத்ததாயிற்று. குற்றத் தீர்ப்புப் பெற்றவர்கள் மும்மடங்கில் இரு பங்கைக் கழிக்கமுடியாதென்று 1969 இற்றான் சட்டம் திருத்தப்பட்டது.

1961 ஏப்ரிலில் ஜனாதிபதி கென்னடி, ஒத்த விலையில் வரும் கேள்விப்பத்திரங்களை அரசாங்கப் பகுதிகள் நீதித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால், ஒத்த விலை எழுதினால் அகப்படுவோம் என்று தெரிந்தபின் அதை எழுதுகின்ற முட்டாள் யார்? இக்காலத்திற் கேள்விப்பத்திரங்களை ஆராய்வோர் வேறு தடயங்களைத் தேடுகின்றனர். இரு கொம்பனிகளின் கணக்கில் ஒரே கூட்டற்பிழை. இரண்டு பத்திரத்திலும் ஒரே எழுத்துப்பிழை. தோற்றவர் பின்னர் வென்றவரிடமே துணை ஒப்பந்தம் பெறுதல். புதியவர் ஒருவர் போட்டிக்கு வந்ததும் எல்லாருடைய விலையும் ஒருமிக்க விழுதல். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகளும் இத்தகைய அடையாளங்களை எடுத்துக் கூறுகின்றன. கணக்குப் பரிசோதனையில் நாட்டமுள்ள மாணவர்கள் அவற்றைத் தேடிப் படிக்கலாம்.

சுழலிகளின் கதை மட்டும் அதோடு முடியவில்லை. 1963 மே மாதத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒரு விலைப் புத்தகத்தைப் பகிரங்கமாக வெளியிட்டது. எந்தச் சுழலிக்கும் எப்படி விலை கணிப்பது என்பது அதிலே சூத்திரம் போல் இருந்தது. ஒருவருக்கு விலை குறைத்தால், முந்திய ஆறு மாதத்தில் வாங்கிய எல்லாருக்கும் அதே குறைப்பைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதியும் அதோடு சேர்ந்து வந்தது. வாங்குவோருக்குச் சலுகை போலத் தோன்றும் இவ்வாக்குறுதி, விலை குறைக்கத் தன் கையையே கட்டிக்கொள்ளும் கயிறு என்பது சற்று யோசித்தால் விளங்கும். அவ்வாண்டு முடிவதற்குள் வெஸ்டிங்ஹவுஸும் அவ்வாறே ஒரு புத்தகத்தையும் அதே வாக்குறுதியையும் வெளியிட்டது. ஹோட்டல் அறை இல்லை, வெற்றுறை இல்லை, எண்ணும் இல்லை. இரு கொம்பனிகளின் விலையும் பல ஆண்டுகள் கைகோத்து நடந்தன. 1976 இல் நீதித் திணைக்களம் தலையிட்ட பின்னரே இவ்வேற்பாட்டைக் கைவிட அவை இணங்கின. அலிஸ் சால்மர்ஸ் 1962 இலேயே அத்தொழிலை விட்டு விலகியிருந்தபடியால், பெருஞ் சுழலி வேண்டிய அமெரிக்க நகரங்களுக்குத் தம் நாட்டிற் தட்டுவதற்கு அதன்பின் பல ஆண்டுகள் இரண்டு கதவுகளே இருந்தன.